துக்க வீட்டுக்கு வருகிற ஆறு பேர்: ஐஸ் பெட்டிக்காரனின் விமர்சனம்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிற தொழில் எனக்கு. ஊரில் ஐஸ் பெட்டி என்றுதான் சொல்வார்கள். கூடவே சாமியானா, பிளாஸ்டிக் சேர், ட்யூப் லைட், கேட்டால் சவப்பெட்டி, அமரர் ஊர்தி. சாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டு வாசலுக்கும் போகிறவன். ஓட்டலுக்கும் பைக்குக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்த அன்றைக்குக் கிடைக்கிற சேவையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் கிடையாது. எங்கள் ஊர் சுடலைமாடசாமி கோயில் கொடைக்கு வருஷம் தவறாமல் வரி கொடுக்கிறவன். நான் சொல்லப்போகிற சபையில் எனக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை.

நான் சொல்லப்போவது நாங்குநேரி போகிற பக்கத்தில் இருக்கிற ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தின், அதாவது ஒரே போதகரின் கீழ் இருக்கிற சில சபைகளின், துக்க வீட்டுக் குழுவைப் பற்றி. ஊர்ப் பெயர், சபைப் பெயர் இரண்டும் போடக் கூடாது என்று அந்தக் குழுவை நடத்துகிற டீச்சரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்கள். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அவர்கள் போக ஒரு மின்வாரிய லைன்மேன், கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு ஆட்டோ டிரைவர், கோயில்குட்டி. கோயில்குட்டி என்றால் மணி அடித்து, கோயில் கூட்டி (இங்கே கோயில் என்றால் சர்ச்), குழி வெட்ட ஆள் சொல்லிவிடுகிறவர். ஐயர், அதாவது சபைப் போதகர், இந்தக் குழுவில் இல்லை. அவர் வருவார், ஜெபிப்பார், போவார். வேலை இந்த ஆறு பேருடையது.

சாவு வீட்டில் முதல் நாளை வைத்து எந்தச் சபைக்கும் மார்க் போட முடியாது. முதல் நாள் எல்லாரும் நல்லவர்கள்தான். பாடுகிறவர்கள் வந்துவிடுவார்கள், மாதர் சங்கம் வெள்ளைச் சேலையில் வந்துவிடும், மாலை வரும், மைக் செட் வரும். அடக்க ஆராதனை முடிந்து, குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டு, கை கழுவி, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நானும் பெட்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். வாடகையில் பாதி பாக்கி நிற்கும். பெட்டி இறக்கும்போது முழுப் பணம் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் பத்து, பதினைந்து நாள் கழித்துப் பாக்கி வாங்கப் போவேன். நான் மார்க் போடுவது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று பாக்கி வாங்கப் போகிறவனுக்கும் பால்காரனுக்கும்தான் தெரியும். வாசல் பெருக்காமல் கிடக்கும். பந்தலுக்கு நட்ட கம்புக் குழியை மூடியிருக்க மாட்டார்கள். உள்ளே அந்தப் பெண் டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆயிரம் பேர் வந்துபோன வீட்டில் ஒரு ஆளைக் காணமுடியாது. நான் சொல்கிற இந்த ஊரில் மட்டும் எப்போது போனாலும் அந்த ஆறு பேரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இல்லாவிட்டால் அப்போதுதான் எழுந்து போயிருக்கிறார், தம்ளர் ஈரத்தோடு கவிழ்த்து வைத்திருக்கும். எனக்குச் சந்தேகம் வந்து விசாரிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

முதல் நாளும் அவர்கள் வேலை வேறு மாதிரிதான் இருக்கும். பெட்டியை இறக்கியதும் லைன்மேன் வந்துவிடுவார். "அண்ணாச்சி, எர்த் இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க. இந்த வீட்டு வயரிங்கு பழசு" என்பார். பழைய ஓட்டு வீடுகளில் பதினைந்து ஆம்பியர் பிளக்கே இருக்காது. அவர் கையோடு வயர் கொண்டு வந்து மீட்டரிலிருந்து தனியாக இழுத்துக் கொடுப்பார். கம்பிரசர் சூடு வெளியேற இடம் வேண்டும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அழுகிற வீட்டில் இதை நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர் சொன்னால் நகர்த்துவார்கள். மேல் கண்ணாடியில் நீர் கோத்து முகம் தெரியாமல் போகும், அதைத் துடைக்க ஒரு வெள்ளைத் துணியோடு கோயில்குட்டி பக்கத்திலேயே நிற்பார். நர்ஸ் வீட்டிலிருக்கிற வயசானவர்களைப் பார்ப்பார்: யாருக்குச் சர்க்கரை, யார் காலையிலிருந்து மாத்திரை போடவில்லை, யார் ஒன்றும் சாப்பிடவில்லை. மகன் செத்த வீட்டில் தாய்க்கு இன்சுலின் போட மறந்துபோவதை நான் எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறேன்.

டீச்சரம்மா ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்காருவார்கள். அவ்வளவுதான்.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. "கர்த்தருடைய சித்தம்", "நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்", "அழாதே, விசுவாசம் வை", இந்த மூன்றையும் குழு ஆட்கள் வாயில் எடுக்கக் கூடாது. வேறு யாராவது வந்து சொன்னால் டீச்சரம்மா ஒரு பார்வை பார்ப்பார்கள், நாற்பது வருஷம் வகுப்பை அடக்கிய பார்வை. இது எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டேன். யோபு கதையைச் சொன்னார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வந்தார்களாம். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்களாம். "அது வரைக்கும் சரியாத்தான் செஞ்சாங்க. எட்டாம் நாள் வாயத் தொறந்தாங்க பாருங்க, அதோட எல்லாம் கெட்டுது" என்றார்கள்.

இனி ஒரு மஞ்சப்பை விஷயத்துக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மினி லாரி ஓட்டிய ஒருவர், நாற்பத்தாறு வயது, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தது பிளஸ் டூ. நான் பாக்கிக்குப் போன அன்று திண்ணையில் டீச்சரம்மாவும் கூட்டுறவு சங்கத்து அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பெண்ணிடம், "யம்மா, அப்பா பேப்பர் எல்லாம் எதுல வச்சிருப்பாக?" என்று கேட்டு ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றை வாங்கித் திண்ணையில் கொட்டினார்கள். ரேஷன் கார்டு, ஆதார், லைசென்ஸ், பெட்ரோல் பங்க் ரசீது, பாஸ்புக். டீச்சரம்மா ஒரு மர ஸ்கேலை எடுத்து பாஸ்புக்கில் வரிவரியாக வைத்துப் பார்த்தார்கள், பரீட்சைப் பேப்பர் கூட்டுகிற மாதிரி. மே மாதக் கடைசி வரி ஒன்றில் ஸ்கேல் நின்றது. பிடித்தம் 436 ரூபாய்.

"இது என்ன, அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அதற்கு முந்தைய வருஷம் மே மாதத்தையும் தேடிப் பார்த்தார், அங்கேயும் 436. "டீச்சர், இது ஜீவன் ஜோதி."

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டம். வருஷத்துக்கு 436 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். ஐம்பது வயதுக்குள் சேர்ந்திருந்தால் ஐம்பத்தைந்து வரை ஓடும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். அந்த மனுஷன் எப்போதோ கணக்கு திறக்கிறபோது காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் சொன்னதில்லை, அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ. அந்த ஸ்கேல் அந்த வரியில் நிற்காவிட்டால் அந்தப் பணம் அந்த வீட்டுக்கு வந்திருக்கவே வந்திருக்காது. இதே போல 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் போனால் அதற்கும் 2 லட்சம். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டு பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், சாவு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பிறகு அவர்கள் அலைந்த அலைச்சல் தனிக்கதை. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது என்று விஏஓவிடம் முதலிலேயே பதிந்திருந்தார்கள். வங்கியில் நாமினி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அதற்கு ஒரு கடிதம், அதற்கு இரண்டு சாட்சி. ஆட்டோக்காரத் தம்பி அந்த அக்காவை ஏற்றிக்கொண்டு போவார், எழுத்தர் அண்ணாச்சி கவுண்டரில் நிற்பார். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டார்கள், விதவை உதவித்தொகைக்கும் எழுதிப்போட்டார்கள். அதை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். பணம் வந்தபோது மூத்த பெண் காலேஜில் சேர்ந்தாயிற்று. என் பாக்கியையும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், அந்த அக்கா விடவில்லை.

இதில் எங்கே ஜெபம், எங்கே வேதம் என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சபைக்குள்ளேயே கேட்டார்கள். டீச்சரம்மா அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஆதித்திருச்சபையில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளுக்கு அன்றாடம் கொடுக்கிற சாப்பாட்டில் பாகுபாடு என்று முறுமுறுப்பு எழுந்ததாம். அப்போஸ்தலர்கள் அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையாரிடம் சொல்லி, அவர்களைப் பந்தி விசாரிக்க விட்டார்களாம். "சபையில முதமுதல்ல கமிட்டி போட்டதே விதவைக்குச் சாப்பாடு போயிச் சேரலன்னுதான். பில்டிங் கமிட்டி அப்புறம் வந்துது" என்றார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தக் குழு நல்ல நாளில் ஆரம்பித்தது இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லாத ஊரில் என் பெட்டி வெறும் தகரம். அந்த நாட்களில் இந்தச் சபை கோயில் ஹாலைத் திறந்துவிட்டது. கோயிலுக்கு வருகிற தெரு, வராத தெரு எல்லாம் ஒரே ஜமக்காளத்தில் படுத்தது. அசனம் என்கிற சபை விருந்துக்கு வாங்கி வைத்திருந்த பெரிய அண்டாவில் சோறு வெந்தது. அப்போதுதான், ஒரே ஊரில் அறுபது வருஷம் இருந்தும் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று தனக்குத் தெரியாமல் இருந்தது டீச்சரம்மாவுக்கு உறைத்திருக்கிறது. மழை விட்டதும் ஒரு நீள நோட்டுப் போட்டு, தெருவாரியாக வீட்டை எழுதினார்கள். சபை வீடு, சபையல்லாத வீடு என்று அதில் பிரிக்கவில்லை. அந்த நோட்டுதான் குழு.

நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவத்துக்கு இது புதுசும் இல்லை. துரத்தப்பட்டு வந்த புதுக் கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான் 1799இல் முதலூர் என்கிற ஊரே உண்டாயிற்று. பாளையங்கோட்டையில் 1820இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கி அதே வேலையைச் செய்தார். 1838இல் இறந்தார், பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அவர் கல்லறை இன்றைக்கும் இருக்கிறது. கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. இவ்வளவும் செய்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் சில இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டுமே. பெயர் வேண்டாம். ஒரு சேகரத்தில் பெட்டியில் கிழவனார் கிடக்கிறார், வாசலில் சபைக்குக் கட்ட வேண்டிய சங்கப் பாக்கி எவ்வளவு என்று கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டினால்தான் கல்லறையில் இடமாம். மகன் என்னிடம் வாங்கிக் கட்டினான். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கீர்த்தனையும் எனக்குக் காதில் ஏறவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்குச் சாதி சுவர் வைத்த கதை ஊரறிந்தது. செத்த பிறகும் பிரிக்கிற சபை அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார எப்படி முடியும்?

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர் வீடு.

அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களுக்குக் கோயில் மணி கிடையாது, பெட்டி கோயிலுக்குள் போகாது, கல்லறையில் ஓரமாக ஒரு குழி. கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்துச் சபையின் 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்திலேயே, தன்னைத்தான் மாய்த்துக்கொண்டவருக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று குறிப்பு இருக்கிறதாம். அந்தப் புத்தகம்தான் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. கத்தோலிக்கர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள், 1983ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில்தான் அந்தத் தடை போயிற்று. புத்தகம் மாறினாலும் வாய் மாற நாள் ஆகிறது. இன்றைக்கும் அப்படியொரு வீட்டுக்கு நான் பெட்டி கொண்டுபோனால், வாசலில் நிற்கிற பாதிப் பேர் துக்கம் கேட்க வந்தவர்கள் இல்லை, துப்பு விசாரிக்க வந்தவர்கள்.

இந்தச் சபையில் ஒரு கட்டடத் தொழிலாளி, மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன் நெருக்கடியில் அப்படிப் போய்விட்டார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிகிற வரைக்கும் மார்ச்சுவரி வாசல் வேப்பமரத்தடியில் ஆட்டோத் தம்பியும் எழுத்தர் அண்ணாச்சியும் அந்த வீட்டுத் தம்பியோடு நின்றார்கள். ஐயர் பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டு வரச் சொன்னார். மணி அடித்தது. ஊரில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது, வரட்டும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பந்தல் பிரிக்கிறதற்கு முன்னாலேயே வசூல்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்துவிட்டார்கள். நான் சேர் அடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். மணி ஏழைத் தாண்டியிருந்தது. "தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கேட்டு நெருக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022லயே சொல்லியிருக்கு. காலைலயும் ஒம்பதுக்கு முன்னால கூடாது. இந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் பிடிச்சியளா? அந்தப் பேப்பரக் கொண்டாங்க, அப்புறம் பேசுவோம்." வந்தவர்களும் பாவம், இருபத்தைந்து வயதுப் பையன்கள்தான், டார்கெட்டுக்கு ஓடுகிறவர்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பிறகு ஒழுங்கான நேரத்தில் பேப்பரோடு ஒருவர் வந்தார். இன்சூரன்ஸ் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வீட்டுத் தம்பியைத்தான் குழு ரொம்பக் கவனித்தது. அண்ணன் போன துக்கத்தில் அவனும் எதையாவது செய்துகொள்வானோ என்று பயம். ராத்திரியில் முறை வைத்து யாராவது அவனோடு திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். நர்ஸ் அவனிடம் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார், "உனக்கும் அந்த மாதிரி எண்ணம் வருதா தம்பி?" என்று. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்று நான் தயங்கினேன். கேட்டால்தான் மனசு இறங்கும், கேட்கிறதால் யாரும் போய்விட மாட்டார்கள் என்றார் நர்ஸ். நோட்டின் அட்டையில் 104, 14416 என்று இரண்டு எண் ஒட்டியிருக்கிறார்கள். முதலாவது தமிழ்நாட்டு உதவி எண், இரண்டாவது மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல எண். இரண்டும் ராப்பகலாக எடுப்பார்கள். அந்தத் தம்பியையும் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இப்போது என்னிடம்தான் சாமியானா கட்ட வருகிறான்.

இதைப் பற்றிப் பேசும்போது ஐயர் லண்டன் பாதிரியார் ஒருவர் கதையைச் சொன்னார். சாட் வாரா என்று பெயர். 1935இல் ஊழியத்துக்குப் புதுசாக வந்த காலத்தில் ஒரு சின்னப் பெண்ணை அடக்கம் பண்ணியிருக்கிறார். முதல் தீட்டு வந்ததை ஏதோ அசிங்கமான நோய் என்று நினைத்து, கேட்க ஆள் இல்லாமல் உயிரை விட்ட பெண். அது அவர் மனசைவிட்டுப் போகவில்லை. 1953 நவம்பரில், லண்டன் நகரத்தில் தன் கோயிலில் ஒரு டெலிபோன் வைத்து, சாகத் தோன்றினால் கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் என்று இன்றைக்கும் நடக்கிற சேவை அது. ஐயர் சொன்னதில் என் காதில் நின்றது வேறு. நேரில் வந்தவர்கள் பாதிரியாரைப் பார்க்க வெளியே காத்திருப்பார்களாம். சபையார் சிலர் அவர்களுக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்களாம். டீ குடித்துப் பேசி முடித்த பல பேர் பாதிரியாரைப் பார்க்காமலே மனசு லேசாகி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். சில மாதத்தில் வாரா அந்த வேலையை அப்படியே அந்த டீக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார். இந்தக் குழுவில் ஐயர் இல்லாததற்கும் காரணம் இதுதானோ என்று கேட்டேன். "எனக்கு ஒன்பது சபை இருக்கு, நேரமும் இல்ல" என்று சிரித்தார்.

மதம் மாற்றுகிறார்களா? இதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் சின்ன மாமியார் வீடு அதே ஊரில்தான். மாமா தவறியபோது குழு அங்கேயும் வந்தது. "ஜெபிக்கலாமா மதினி?" என்று டீச்சரம்மா கேட்டார்கள். அத்தை வேண்டாம் என்று தலையாட்டினார். சரி என்று உட்கார்ந்துவிட்டார்கள். மாமா படத்துக்கு முன்னால் காமாட்சி விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தபோது, எடுத்துத் தரவா என்று கேட்டுவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை நகர்த்திக் கொடுத்ததும் அவர்கள்தான். துண்டுப் பிரசுரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வாங்க என்கிற பேச்சு இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு லைன்மேன்தான் லைட் போட்டார். அத்தை இப்போதும் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறார். ஆனால் முட்டுவலிக்கு மாத்திரை மாற்ற வேண்டும் என்றால் நர்ஸுக்குத்தான் போன் போடுகிறார்.

செலவுக்கு என்ன செய்கிறார்கள்? சேவைக்குக் கட்டணம் இல்லை. கைப்பிடி அரிசிதான் முதல். சோற்றுக்கு உலை வைக்கிறபோது வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவது இந்தப் பக்கத்துப் பெண்களின் பழைய வழக்கம், மிஷனெரி ஊழியத்துக்குப் போகும். அதில் பாதியை இந்தக் குழுவுக்குத் திருப்பச் சொல்லிச் சேகரக் கமிட்டியில் டீச்சரம்மா சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நடக்கிற காணிக்கை ஏலத்தில் சில நாள் ஒரு முருங்கைக்காய்க் கட்டை இதற்கென்றே இருநூறு, முன்னூறு ரூபாய்க்கு எடுக்கிறவர்களும் உண்டு. வளைகுடாவில் இருக்கிறவர்கள் மொத்தமாக அனுப்பக் கேட்டார்களாம். கல்வெட்டில் பெயர் போட வேண்டும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரம்.

டீச்சரம்மாவுக்கு அதிகாரம் ஜாஸ்தி. உதவி செய்கிற கையே சில நேரம் பிடித்து இழுக்கவும் செய்யும். மினி லாரிக்காரர் வீட்டு இளைய பெண்ணை ஹாஸ்டலில் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். தாய்க்கு விருப்பமில்லை, புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் அந்த வீட்டில் என்ன செய்வது என்று அழுதிருக்கிறார். எழுத்தர் அண்ணாச்சி குறுக்கே விழுந்து, "டீச்சர், முடிவு அவகளோடது" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அது வரைக்கும் அந்த அக்கா டீச்சரம்மா வருகிற நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

குடியால் செத்தவர் வீடு என்றால் குழுவிலேயே இரண்டு பேருக்கு முகம் மாறுகிறது. நான் கண்ணால் பார்த்தேன். போகிறார்கள், ஆனால் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் இருபது வருஷம் அடி வாங்கியவர், அவருக்கு வந்தது துக்கமா நிம்மதியா என்று அவருக்கே தெரியாது. அங்கேதான் கூடுதலாக உட்கார வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளிகள் விஷயத்திலும் தடுமாற்றம்தான். செங்கல் சூளையில் ஒடிசாப் பையன் ஒருவன் இறந்தபோது கூட வந்த பிள்ளைகளிடம் பேச யாருக்கும் பாஷை தெரியவில்லை. பக்கத்துக் கான்வென்டிலிருந்து இந்தி தெரிந்த சிஸ்டர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகள் ஒரு ராத்திரி முழுக்க மிரண்டுபோய் நின்றுவிட்டார்கள். குழுவில் நாற்பது வயதுக்குக் கீழே ஆட்டோத் தம்பி ஒருவன்தான். வாலிபர் சங்கத்தில் கிட்டார் வாசிக்க ஆள் இருக்கிறது, மார்ச்சுவரியில் நிற்க ஆள் இல்லை.

எனக்கு ரொம்ப எரிச்சல் மைக்தான். குழு இவ்வளவு அமைதியாக வேலை பார்க்கும், அடக்க ஆராதனைக்கு வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கியார் அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிட்டுப் போவார். செத்தவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வந்திருக்கிற வேற்று மதச் சொந்தக்காரர்களைப் பார்த்து நரகம், நியாயத்தீர்ப்பு என்று நாலு ஸ்பீக்கரில் முழங்குவார். மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தனியாக வேறு வேண்டுமா? "பேச்சாளரைச் சேகரக் கமிட்டிதான் கூப்பிடுது, எங்க கையில இல்ல" என்கிறார்கள். அதற்காக ஒரு ஸ்டார் பிடித்துக்கொண்டேன். ஐந்துக்கு நான்கு.

வேறு சபைக்காரர்கள் யாராவது இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்பினால் தாராளமாகப் போகலாம், வழி கேட்டால் நான் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் ஹாலில் அந்த நீள நோட்டை விரித்து வைத்து, போன வாரம் யார் எந்த வீட்டுக்குப் போனார்கள், போகாதவர் ஏன் போகவில்லை என்று டீச்சரம்மா கேட்பார்கள். பிந்திப் போனால் பெஞ்சில் இடம் இருக்காது. டீ உண்டு, ஆனால் நர்ஸ் போடுகிற டீ, சீனி கம்மியாகத்தான் இருக்கும்.